கடைப் பாட்டுக்கும் ஒரு கணக்கு வேண்டும்



நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விருதுநகரில் பருப்பு, மல்லி, வத்தல் மொத்த வியாபாரம் செய்து வருபவன் நான். பள்ளிப் படிப்போடு கடையில் வந்து அமர்ந்தவன். இப்படிப்பட்டவன் பாட்டைப் பற்றி எழுதுவதாவது என்று நண்பர்கள் சிலர் சிரிக்கக் கூடும். நான் எழுதப் புகுந்தது பாட்டின் ராகத்தைப் பற்றி அல்ல, பாட்டின் ரசீதைப் பற்றி. அதைப் பேச வியாபாரிக்குத் தகுதி உண்டு என்று நம்புகிறேன்.

காரில் நின்ற பாட்டு

சில மாதங்களுக்கு முன் வசூலுக்காகச் சிவகாசிக்குக் காரில் போய்க் கொண்டிருந்தேன். என் பேரன் என் செல்போனில் இணையத்தின் வழியே பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றை ஏற்றி, மாதச் சந்தாவும் கட்டிக் கொடுத்திருந்தான். செல்போனைக் காரோடு புளூடூத்தில் இணைத்துவிட்டால் போதும், கேட்ட பாட்டெல்லாம் வந்து நிற்கும். பழைய பாட்டுக்களைப் போட்டுக் கொண்டு சுகமாகப் போய்க் கொண்டிருந்தேன்.

ஆமத்தூர் தாண்டியதும் பாட்டு நின்றது. டவர் கிடைக்கவில்லை போலும் என்று மறுபடி அழுத்தினேன். பாடியது. சற்று நேரத்தில் மீண்டும் நின்றது. திருத்தங்கல் போய்ச் சேருவதற்குள் ஐந்தாறு தடவை இப்படி நின்று நின்று பாடியது. அலுத்துப் போய் அணைத்துவிட்டேன்.

மாலையில் கடைக்குத் திரும்பினால் கடைப் பையன் வேறொரு புகாரோடு நிற்கிறான். "முதலாளி, காலையில பாட்டு நின்னு நின்னு போச்சு. ஸ்பீக்கர்தான் கோளாறுன்னு தட்டித் தட்டிப் பார்த்தேன்" என்கிறான். பிறகுதான் விஷயம் விளங்கிற்று. கடையில் கிடந்த பழைய செல்போன் ஒன்றிலும் அதே சந்தாக் கணக்கைப் பேரன் ஏற்றி வைத்திருக்கிறான். நான் காரில் அழுத்தும் போது கடையில் நின்றிருக்கிறது. அவன் கடையில் அழுத்தும் போது காரில் நின்றிருக்கிறது. ஒரே பாட்டுக் கணக்கை இருபது கிலோமீட்டர் இடைவெளியில் முதலாளியும் பையனும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கொண்டிருந்திருக்கிறோம்.

பேரனிடம் கேட்டேன். "தாத்தா, இது ஒரு ஆளுக்கான சந்தா. செல்போன், டிவி, கார், வீட்டு ஸ்பீக்கர் எல்லாத்துலயும் ஏத்திக்கலாம். ஆனா ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் பாடும்" என்றான். இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். அடுத்த வாரம் ஜவுளிக் கடை நண்பர் ஒருவர் கையில் ஒரு நோட்டீசோடு வந்திராவிட்டால்.

நண்பருக்கு வந்த நோட்டீஸ்

தீபாவளி வியாபாரத்துக்காக அவர் கடையில் நான்கு ஸ்பீக்கர் மாட்டி, செல்போனிலிருந்து பாட்டுப் போட்டிருக்கிறார். "உங்கள் கடையில் உரிமம் பெறாமல் பாட்டு ஒலிபரப்பப்படுகிறது, கட்டணம் செலுத்துக" என்று நோட்டீஸ் வந்துவிட்டது. "அண்ணாச்சி, நான் என்ன திருட்டுப் பாட்டா போடுறேன்? மாசாமாசம் சந்தா கட்டித்தானே போடுறேன்? இன்னும் எதுக்குக் காசு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நானும் அன்று அவர் பக்கமே பேசினேன். பிறகு விசாரித்துப் பார்த்ததில், அவர் கட்டிய சந்தா எதற்கு என்பதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை என்று தெரிந்தது. ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் முதலிய எந்தச் செயலியின் நிபந்தனையைப் படித்தாலும், சந்தாதாரர் தம் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே கேட்கலாம், வியாபார உபயோகம் கூடாது என்றே எழுதியிருக்கிறது. நாம்தான் படிக்காமல் "சம்மதம்" என்று அழுத்திவிடுகிறோம்.

இதை நமக்குப் புரிகிற விதத்தில் சொல்கிறேன். வீட்டுக்கு வரும் சமையல் எரிவாயு சிலிண்டர் 14.2 கிலோ. கடைக்கு வருவது 19 கிலோ. உள்ளே இருப்பது ஒரே எரிவாயுதான். ஆனாலும் வீட்டு சிலிண்டரை ஓட்டல் அடுப்பில் வைத்தால் அதிகாரி எடுத்துப் போய்விடுவார். "காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்ற வாதம் அங்கே எடுபடாது. மின்சாரத்திலும் வீட்டு இணைப்பு வேறு, கடை இணைப்பு வேறு. மாதச் சந்தாப் பாட்டு வீட்டு சிலிண்டர். அதை நம் காரில் குடும்பத்தோடு கேட்கலாம், வீட்டில் கேட்கலாம். வாடிக்கையாளர் வந்து போகும் கடையில் போடுவதற்கு அது போதாது.

பாட்டுக்கு உடையவர்

சட்டத்தின் கண்ணில் ஒரு பாட்டு ஒரே சரக்கு அல்ல. பாட்டை எழுதிய கவிஞருக்கு ஓர் உரிமை, மெட்டுப் போட்டவருக்கு ஓர் உரிமை, அதை ஒலிப்பதிவு செய்த கம்பெனிக்கு வேறோர் உரிமை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இவற்றைப் பாதுகாக்கிறது. 2012இல் வந்த திருத்தம், தம் உரிமையைப் படக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்ட கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் கூட, திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர மற்ற உபயோகங்களில் வரும் ராயல்டியில் சம பங்கு உண்டு என்று சொல்லிற்று. இந்த உரிமைகளை மீறுவோருக்குச் சட்டத்தின் 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. விளையாட்டல்ல.

பாட்டு விலை போகும் சரக்கு என்பது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் 1921இல் வறுமையோடு மறைந்தார். அதன் பின் அவர் பாட்டுக்களை இசைத்தட்டில் பதியும் உரிமையைச் சென்னை வியாபாரி ஜெய்சிங்லால் மேத்தா விலைக்கு வாங்கினார். அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். நாடகத்திலும் சினிமாவிலும் யார் பாரதி பாட்டைப் பாடலாம் என்று வழக்கே வந்தது. கடைசியில் செட்டியார் தம் உரிமையை விட்டுக்கொடுக்க, 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி பாட்டுக்களைப் பொதுச் சொத்தாக்கிற்று. இன்று பாரதியின் வரிகளைப் பாட யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எல்லாப் பாட்டும் அப்படி ஆகிவிடவில்லை.

இங்கே நாம் நெஞ்சில் கை வைத்து ஒன்று யோசிக்க வேண்டும். சிவகாசியில் அச்சாகும் லேபிளை வேறொருவன் அப்படியே பார்த்து அச்சடித்துத் தன் பெட்டியில் ஒட்டினால் நாம் சும்மா இருக்கிறோமா? வக்கீலிடம் ஓடுகிறோம். சீனப் பட்டாசு கள்ளத்தனமாக உள்ளே வந்த போது, "உழைப்பவன் ஒருவன், லாபம் இன்னொருவனுக்கா" என்று கொதித்தோம். நம் சரக்குக்கு ஒரு நியாயம், கவிஞன் சரக்குக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது. காஸெட் காலத்தில் வெற்று காஸெட்டைக் கொடுத்து, பிடித்த பாட்டைப் பதிந்து வாங்கிக் கடையில் போட்டவர்களில் நானும் ஒருவன். அன்று யாரும் கேட்கவில்லை என்பதால் அது சரியாகிவிடாது.

ஆகவே கடையில் பாட்டுப் போட்டால் உடையவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. என் வழக்கு வேறு.

யாரிடம் கொடுப்பது?

பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர் சார்பில் வசூலிக்க ஐ.பி.ஆர்.எஸ். என்றொரு சங்கம் 1969 முதல் இருக்கிறது. ஒலிப்பதிவுக் கம்பெனிகள் சார்பில் வசூலிக்க பி.பி.எல்., ஆர்.எம்.பி.எல்., நோவெக்ஸ் என்று பல பெயர்கள். எந்தப் பாட்டு எந்தக் கம்பெனியைச் சேர்ந்தது, அது யார் பட்டியலில் இருக்கிறது என்பதைப் பலசரக்குக் கடைக்காரர் எப்படி அறிவார்? ஒருவருக்குக் கட்டி ரசீது வாங்கிய பின் இன்னொருவர் வந்து நின்றால் என்ன செய்வார்?

இதில் நீதிமன்றங்களே ஒரே குரலில் பேசவில்லை. பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கம் அல்லாதவர் இப்படி உரிமம் கொடுக்கும் தொழில் நடத்த இயலாது என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. உரிமையை எழுதி வாங்கியவர் உடைமையாளர் என்ற முறையில் உரிமம் கொடுக்கலாம் என்று 2024 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. டெல்லியில் எழுந்த வழக்கு 2025இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பெரிய ஓட்டல்காரர் வக்கீல் வைத்து இதைப் பார்த்துக் கொள்வார். முந்நூறு சதுர அடிக் கடைக்காரர் என்ன செய்வார்? பயந்து கட்டுவார், அல்லது பாட்டை நிறுத்துவார்.

ஒரு விளக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். திருமணத்துக்கும், அதைச் சார்ந்த ஊர்வலம், விருந்து முதலியவற்றுக்கும், சமயச் சடங்குகளுக்கும் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு அளித்திருக்கிறது. திருமணத்துக்கு ராயல்டி கேட்கக் கூடாது என்று மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறை 2023 ஜூலையில் பொது அறிவிப்பே வெளியிட்டது. மண்டபம் நடத்தும் உறுப்பினர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

மகமை காட்டும் வழி

கட்டணம் வசூலிப்பது எப்படி என்று நம் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று நம் முன்னோர் தாமாகவே மகமை வைத்துக் கொண்டார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்தார்கள். அப்படிச் சேர்த்துத்தான் 1889இல் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அது. மகமை கொடுக்க யாரும் முகம் சுளிக்கவில்லை. ஏன்? விகிதம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாங்கும் கை ஒன்றாக இருந்தது. கொடுத்தது எங்கே போயிற்று என்பதற்குக் கண் முன்னே கட்டடம் நின்றது.

வானொலியையும் எடுத்துக் கொள்ளுங்கள். என் சிறு வயதில் எங்கள் கடையில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை நம் பக்கத்தில் உள்ளூர் நிலையம் போலக் கேட்கும். மயில்வாகனனார் குரலுக்காகவே கடை வாசலில் ஆள் நிற்கும். அந்த ரேடியோவுக்கு ஆண்டுதோறும் லைசென்ஸ் உண்டு. அப்பா தபால் ஆபீசுக்குப் போய்ப் பணம் கட்டி, புத்தகத்தில் முத்திரை வாங்கி வருவார். ஒரே இடம், ஒரே தொகை, ஒரே புத்தகம். 1980களின் நடுவில் அரசு அந்த லைசென்சையே எடுத்துவிட்டது. இருந்த வரையில் "யாருக்குக் கட்டுவது" என்ற குழப்பம் அப்பாவுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

வெளிநாட்டிலும் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் கவிஞர் தரப்புக்கும் ஒலிப்பதிவுக் கம்பெனித் தரப்புக்கும் கடைக்காரர் தனித்தனியே கட்டி வந்தார். 2018இல் இரு தரப்பும் சேர்ந்து ஒரே உரிமம், ஒரே பில் என்று ஆக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1998இல் வந்த சட்டம், 2,000 சதுர அடிக்குக் குறைவான கடை வானொலி போடுவதற்குக் கட்டணம் வேண்டாம் என்று விலக்கு அளித்தது. பணக்கார நாடுகளே சின்னக் கடையைத் தனியாகப் பார்க்கும் போது நாம் கேட்பதில் தவறு என்ன?

ஆகவே நம் சங்கம் மத்திய தொழில் வளர்ச்சித் துறைக்கு எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, எந்தப் பாட்டானாலும் ஒரே இடத்தில் கட்டி ஒரே ரசீது பெறும் ஏற்பாடு. இரண்டு, கடையின் சதுர அடியை வைத்து விகிதம். மிகச் சிறிய கடைக்கு முழு விலக்கு. மூன்று, விகிதம் தமிழில் அச்சாகி எல்லாருக்கும் தெரிய வேண்டும். சீசன் நேரத்தில் ஆளைப் பார்த்துத் தொகை சொல்வது கூடாது. நான்கு, வசூலான தொகையில் கவிஞருக்கு எவ்வளவு, இசையமைப்பாளருக்கு எவ்வளவு, நிர்வாகச் செலவு எவ்வளவு என்ற கணக்கு நமக்கும் எளிதில் கிடைக்க வேண்டும்.

அதுவரை நாம்

மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் காலத்தில் நாமும் சிலவற்றைச் சரி செய்து கொள்ள வேண்டும்.

சொந்தச் சந்தாவைக் கடை ஸ்பீக்கரில் போடுவதை நிறுத்துங்கள். நான் நிறுத்திவிட்டேன். மொத்தக் கடையில் மூட்டை எண்ணும் சத்தமே போதும். பாட்டு இருந்தால்தான் வியாபாரம் என்று நினைக்கும் ஜவுளி, நகை, சீசன் பட்டாசுக் கடைக்காரர்கள், நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடவும் வேண்டாம், உடனே பணம் கட்டவும் வேண்டாம். எந்தப் பாட்டுக்கு, எந்த உரிமையின் பேரில், எந்த விகிதப்படி கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தைச் சங்க அலுவலகத்துக்கும் காட்டுங்கள். தனித்தனியே நின்றால் தனித்தனியே விலை பேசுவார்கள்.

காரில் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நடுத்தரத் தரமான 160 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால் சுமார் 72 எம்.பி. டேட்டா போகும். உயர்ந்த தரமான 320இல் வைத்தால் 144 எம்.பி. கடை செல்போனில் 160இல் பன்னிரண்டு மணி நேரம் பாடவிட்டால் ஒரு நாளைக்கு 864 எம்.பி. நாளைக்கு ஒன்றரை ஜி.பி. திட்டம் போட்டவருக்குப் பாதிக்கு மேல் பாட்டிலேயே கரைந்து போகும். மாலையில் கூட்டம் நிற்கும் போது பணம் வந்த செய்தி வராமல் விழிக்க நேரும். வெளியூர் போகிறவர்கள் வீட்டு இணையத்திலேயே பாட்டை இறக்கி வைத்துக் கொண்டு புறப்பட்டால் டவர் இல்லாத இடத்திலும் நிற்காது. குடும்பத்தில் பலர் கேட்பதானால் ஒருவர் சந்தாவைப் பலர் இழுப்பதை விட்டுக் குடும்பச் சந்தா எடுப்பதே முறை.

இன்னும் ஒன்று. இறக்கி வைத்துவிட்டதால் பாட்டு நம்முடையது ஆகிவிட்டது என்று எண்ணாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் இறக்கி வைத்த பாட்டும் கூட, 30 நாளைக்கு ஒரு முறையாவது இணையத்தோடு சேராவிட்டால் பாடாது. சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும். நான் விலை கொடுத்து வாங்கிய இளையராஜா காஸெட்டுகள் இன்றும் அலமாரியில் இருக்கின்றன. நாடா இழுத்தாலும் அவை என் சரக்கு. சந்தாப் பாட்டு வாடகைச் சரக்கு. வீட்டுக்காரர் கடையை மூடினால் குடியிருப்பவர் வெளியேற வேண்டியதுதான். கூகிள் பிளே மியூசிக் 2020இல் மூடியது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியில் இந்தியாவில் மூடியது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை மூடுவதாக அதே ஆண்டில் அறிவிப்பு வந்தது. ஆயிரம் பாட்டைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்தவர்கள் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டியதாயிற்று. வாடகைக்கு எடுப்பது தவறல்ல. வாடகை என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

இதை எழுதும் போது நம் பஜாரில் இருந்த காஸெட் கடைகள் நினைவுக்கு வருகின்றன. பட வெளியீட்டு நாளில் கூட்டம் தாங்காது. முதலில் சி.டி. வந்தது, பிறகு பென் டிரைவ், பிறகு செல்போன். இன்று ஒரு கடை கூட இல்லை. அவர்களும் நம் போல் சங்கச் சந்தா கட்டிய வியாபாரிகளே. அவர்கள் கடையில் பாட்டுக்கு விலை இன்னது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கும். வாங்குபவர் கொடுப்பார், விற்பவர் வாங்குவார், இருவருக்கும் கணக்குத் தீர்ந்தது. இன்று பாட்டு மலிந்திருக்கிறது, கணக்குத்தான் மறைந்திருக்கிறது.

கொடுக்க மறுப்பது வணிக தர்மம் அல்ல. எதற்கு, எவ்வளவு, யாருக்கு என்று கேட்காமல் கொடுப்பதும் வணிக தர்மம் அல்ல. அடுத்த தீபாவளி சீசன் தொடங்குமுன் செயற்குழு இதை எடுத்துப் பேச வேண்டும் என்று பணிவோடு கேட்டுக் கொள்கிறேன். நோட்டீஸ் பெற்ற உறுப்பினர்கள் அதன் நகலைச் சங்கத்துக்கு அனுப்பி உதவுங்கள். எத்தனை கடைக்கு, எவ்வளவு தொகைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் நம் மனுவுக்குக் கனம் உண்டாகும்.

என் ஜவுளிக் கடை நண்பரின் நகல் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. அதையே முதல் நகலாகச் சேர்க்கிறேன்.